காலுக்கு ஒரு வரி

(திருவண்ணாமலையில் மாணவர்கள் கூடிய ஒரு சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

கவிதை பற்றிப் பேசச் சொன்னாங்க. நான் செருப்பு பற்றிப் பேசப் போறேன். செருப்படி, செருப்பு மாலை பற்றியெல்லாம் இல்லை. அதை நாம நிறையப் பேசியாச்சு. நான் சொல்றது காலுக்கு இதமா, உறுதியா, தினமும் போட்டு நடக்கிற மாதிரி ஒழுங்காகச் செய்த செருப்பு, ஷூ. அதுமேல எனக்கு ஒரு பித்து உண்டு. நண்பர்கள் கிண்டல் பண்ணுவாங்க. கவிஞன் என்றால் ஜோல்னாப் பையும் ஊக்கு குத்தின ரப்பர் செருப்பும்தான் லட்சணம் என்று நம் இலக்கியச் சூழலில் ஒரு எண்ணம் இருக்கு. அந்த எளிமை யாருடைய எளிமை? வீட்டில் நாலு ஜோடி வைத்திருக்கிறவன் ஒன்றைக் கழற்றி வைத்தால் அது எளிமை. எங்க தாத்தா ஊர்த்தெருவுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு போனாரே, அதுக்கு என்ன பேர்?

காந்தி டால்ஸ்டாய் பண்ணையில் செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டார். தான் தைத்த ஒரு ஜோடியை ஜெனரல் ஸ்மட்ஸுக்குக் கொடுத்தார். நல்லது. அம்பேத்கர் கோட்டும் ஷூவுமாக நின்றார். அவர் சிலையின் சுட்டுவிரல் பற்றியும் கையிலுள்ள புத்தகம் பற்றியும் எத்தனையோ எழுதிவிட்டோம். அந்த ஷூவுக்கு யாரும் ஒரு வரி எழுதினதா எனக்கு ஞாபகம் இல்லை.

இது சைவ ஊர். அறுபத்துமூவரில் கண்ணப்பர் வேடர். காளத்தியில் சாமிக்குக் கண்ணை அப்பும்போது இடம் தெரிய வேண்டுமென்று செருப்புக் காலைத் தூக்கி லிங்கத்தின்மேலேயே ஊன்றினார் என்று புராணம் மெச்சுகிறது. கதையில் சாமிமேலேயே படலாம். தெருவில் மண்மேல்கூடப் படக்கூடாது. திருப்பூர் மாவட்டம் ராஜாவூரில் கம்பள நாயக்கன் தெருவில் சுமார் 60 தலித்துகள் செருப்பு போட்டுக்கொண்டு நடந்தது எப்போது தெரியுமா? 2023 டிசம்பரில். 2016 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தத்தில், பொது இடத்தில் ஒரு தலித் செருப்பு அணிவதைத் தடுப்பது குற்றம் என்று தனியாக எழுத வேண்டியிருந்தது. இந்த நாட்டு நாடாளுமன்றம் உட்கார்ந்து எழுதின விஷயம், தோழர்களே, செருப்பு.

ஆனா நாம அங்கேயே நின்னுட்டோம். போடலாமா கூடாதா என்ற சண்டையில், எதைப் போடுகிறோம் என்று கேட்கவே நேரமில்லாமல் போச்சு. வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்துகொண்டு நான் பார்க்கிறேன். முதியோர் உதவித்தொகை எடுக்க வருகிற கிழவிகள் வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டு வருவார்கள். "வா ஆயா, செருப்போடவே வா" என்றால், "தரை பளபளன்னு கெடக்கு சார், அழுக்காயிடும்" என்பார்கள். வெளியே போய்ப் பார்த்தால் அந்தச் செருப்பு குதிகால் பக்கம் தேய்ந்து காகிதம் மாதிரி இருக்கும். அதைப் போட்டு நடப்பதும் வெறுங்காலில் நடப்பதும் ஒன்றுதான்.

நல்ல செருப்பு என்பது சொகுசு என்கிறவர்களை நான் கரிகிரிக்குப் போய்ப் பார்க்கச் சொல்வேன். இங்கிருந்து வேலூர் போனால் பக்கம்தான். தொழுநோயில் உணர்வு போன காலில் புண் வந்து விரல் போகும். நோயே சதையைத் தின்கிறது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், வலி தெரியாத காலில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தம்தான் புண்ணாகிறது என்று கண்டார். அப்புறம் மருந்தோடு செருப்பும் சிகிச்சையானது. அழுத்தத்தைப் பாதம் முழுக்கப் பரப்புகிற மெத்தென்ற ரப்பர், அதன் கீழே முள் ஏறாத கெட்டியான அடி. எம்.சி.ஆர். செருப்பு என்று இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு எழுதிக் கொடுக்கிறார்களே, அதுதான்.

நம்ம காலுக்கு அளவே சரியா இல்லை என்பது இன்னொரு கூத்து. வெள்ளைக்காரன் விட்டுப்போன நம்பரை வைத்துத்தான் வாங்கிக்கொண்டிருந்தோம். சென்னை அடையாற்றில் 1948இல் தொடங்கின மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை 79 இடங்களில் ஒரு லட்சம் பேருக்கு மேல் பாதத்தை அளந்தது. நம் பாதம் ஐரோப்பியர் பாதத்தைவிட அகலம் என்று தெரிந்தது. கடைக்காரர் "போடப் போடச் சரியாயிடும்" என்பார். சரியாகாது. கடிக்கிற ஷூவை வாங்காதீங்க. சாயங்காலம் போய் வாங்குங்க, பகலெல்லாம் நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அதுதான் உண்மையான அளவு. நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் இடம் வேண்டும். கையில் எடுத்து மடக்கிப் பாருங்க. விரல் மடங்குகிற இடத்தில் மடங்கணும். நடுவில் மடங்கினால் வைத்துவிட்டு வந்துடுங்க.

என் காலில் இருக்கிறது ஆம்பூரில் வாங்கியது. ஏற்றுமதியில் கழிந்ததை விற்கிற கடைகள் அங்கே உண்டு. 6 வருஷமாச்சு. தேரடி வீதிப் பக்கம் குடைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிற அண்ணன்தான் இரண்டு முறை அடி மாற்றினார். முதல் தடவை கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சார், இது பசை போட்டு ஒட்டினது இல்ல, தைச்சது. ஒட்டினது வாய் பொளந்தா அவ்ளோதான். தைச்சத அவுத்து இன்னொரு அடி வச்சித் தைக்கலாம்" என்றார். நூலுக்கு மெழுகு தடவி, குத்தூசியால் பழைய துளையிலேயே புது நூலை இழுத்தார். ஒரு துளைகூட அதிகமா விழலை. எந்தப் பொறியியல் கல்லூரி அவருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது? அந்தக் கையைத் தீட்டு என்று ஒதுக்கியது சாதி. நாம அந்தக் கையிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம். நம் ஆட்களும்தான் பேசுகிறோம், மறைக்க வேண்டாம்.

கார்த்திகை தீபம் முடிந்த மறுநாள் கோபுரத்துக்கு முன்னால் போய்ப் பாருங்கள். கூட்டத்தில் தவறவிட்ட செருப்புகள் கிடக்கும். அள்ளுகிறவர் காலையும் பாருங்கள்.

ஆம்பூரில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஷூவின் மேல்தோலைக் கையால் தைக்கிற பெண்களுக்கு ஜோடிக் கணக்கில் கூலி. நம்ம மாவட்டத்திலேயே செய்யாறு சிப்காட்டில் உலகம் முழுக்கப் போகிற விளையாட்டு ஷூக்கள் தயாராகின்றன. வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். எங்க தெருப் பெண் ஒருத்தி ஒரு ஷூ கம்பெனிக்குப் போகிறாள். விடியற்காலையில் ரப்பர் செருப்போடு பஸ் பிடிக்க ஓடுவாள். ஷிப்ட் முழுக்க நின்றுகொண்டே வேலை. "நீ செய்யறதுல ஒண்ணு வாங்கிப் போடேம்மா" என்றேன். "வெலைச் சீட்டப் பாத்தேண்ணா" என்று சிரித்தாள். அப்புறம், "அத்தப் போட்டுக்கினு நான் எங்கண்ணா போவப் போறேன்?" என்றாள்.

"எங்கயும் போக வேணாம். பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கிறியே, அதுக்குத்தான்" என்றேன். கொஞ்ச நேரம் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சம்பளம் வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் போகலாம் என்று சொல்லியிருக்கிறாள். அவள் அம்மாவும் வருகிறார்களாம். சாயங்காலமா போகணும்னு சொல்லி வச்சிருக்கேன்.