மின்கிதாரும் ஃபஸ் பெடலும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

நம் காலனிப் பிள்ளைகள் சிலர் மின்கிதார் பயில்கின்றனர்; பொங்கல் விழா மேடையிலும் வாசிக்கின்றனர். அவர்கள் அடுத்தபடியாகக் கேட்பது ஃபஸ் பெடல். காலால் மிதித்து இயக்கும் சிறு பெட்டி அது. கிதாரின் ஓசையைக் கரகரப்பாக்கி நீட்டித் தரும். தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்தது ஒரு விலை. சிறு பட்டறையில் ஒருவர் இருவர் தம் கையால் பற்றவைத்துச் செய்தது அதனினும் மிகுந்த விலை. “நல்ல ஓசையைக் கெடுப்பதற்கா இத்தனை பணம்?” என்று பெற்றோர் வினவுகின்றனர். நியாயமான வினாவே.

ஆயினும் கரகரப்பு நம் செவிக்குப் புதிதன்று. தம்பூராவின் குதிரைமேல் கம்பிக்கு அடியில் ஒரு நூலிழையைச் செருகி, ‘ஜீவா’ பேசும் இடம் பார்த்து நிறுத்துகிறோம். அந்த ரீங்காரம் இல்லையேல் தம்பூரா ஊமை. ஃபஸ் பெடலின் வழி வேறு: மின் அலையை அளவு மீறிப் பெருக்கி, அதன் முகடுகள் வெட்டுண்ணுமாறு செய்கிறது. வெட்டுண்ட அலையில் மேற்சுரங்கள் பல பிறக்கின்றன.

இதன் பிறப்பே ஒரு பழுதினால்தான். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், மார்ட்டி ராபின்ஸ் பாடி 1961-இல் வெளியான ‘டோன்ட் வொரி’ என்னும் பாடலின் ஒலிப்பதிவில், கருவி கெட்டு கிதார் உறுமிற்று. அதனை நீக்காமல் அப்படியே விட்டனர். ஒலிப்பொறியாளர் கிளென் ஸ்னாடி அவ்வோசையை டிரான்சிஸ்டர் கொண்டு வேண்டுமென்றே உண்டாக்க வழி கண்டார். கிப்சன் நிறுவனம் 1962-இல் அதனை ‘மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்’ என்று விற்பனைக்குக் கொணர்ந்தது. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ‘சாடிஸ்ஃபேக்‌ஷன்’ வந்த பின்னரே உலகம் அதனைத் தேடியது.

இனித் தெரிவு செய்வதைப் பார்ப்போம். பொன்முடியில் வாழும் நாம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, உள்ளிருக்கும் டிரான்சிஸ்டர் ஜெர்மானியமா, சிலிக்கானா என்பதே. ஜெர்மானியம் மென்மையும் உருட்சியும் உடைய ஓசையைத் தருவது; அதற்காகவே பலர் அதனை விழைகின்றனர். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1962-இல் ஜெர்மானியக் குறைகடத்திகளைச் செய்யத் தொடங்கியது. நம் பரண்மேல் கிடக்கும் பழைய டிரான்சிஸ்டர் வானொலிப் பெட்டிக்குள்ளும் அவ்வினம் இருக்கக்கூடும். இன்றோ அது அருகிவிட்டது; பட்டறைக்காரர் ஒவ்வொன்றாக அளந்து, கழித்துப் பொறுக்குகின்றனர். விலையில் ஒரு பங்கு அந்த உழைப்புக்கு.

ஆனால் அதற்கு வெப்பம் ஆகாது. ஏறத்தாழப் பத்து டிகிரி சூடு ஏறினால் அதனுள் கசியும் மின்னோட்டம் இரு மடங்காகிறது. ஓசை மெலிந்து, விட்டுவிட்டுத் தெறிக்கும். சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் இம்மலையின் மூடுபனியில் இனிமையாகப் பாடிய பெட்டி, இருபத்திரண்டு கொண்டையூசி வளைவுகளும் இறங்கித் திருவனந்தபுரத்தின் கோடைப் புழுக்கத்தில் மேடையேறினால் வேறு பெட்டியாகிவிடும். ஜிமி ஹென்ட்ரிக்ஸே ஜெர்மானிய ‘ஃபஸ் ஃபேஸ்’ பெடலில் தொடங்கிப் பின்னர் சிலிக்கானுக்கு மாறியவர். ஆகையால் மேலும் கீழுமாகச் சென்று வாசிக்கும் பிள்ளைக்குச் சிலிக்கானே தக்கது என்பது என் கருத்து. ஜெர்மானியந்தான் வேண்டுமென்று பிடிவாதம் செய்தால், ‘பயஸ்’ திருகு வெளியே வைத்த பெட்டியாகப் பாருங்கள், இடத்திற்கேற்பத் திருத்திக்கொள்ளலாம்.

பெயரையும் வண்ணத்தையும் கண்டு மயங்கவேண்டா. தம் கிதாரையும் தம் ஒலிபெருக்கியையும் உடன் கொண்டுசென்று, அவற்றோடு இணைத்துக் கேட்டபின் வாங்குக. கிதாரின் ஒலித்திருகைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். கரகரப்பு விலகி ஓசை தெளியுமாயின் அது நல்ல பெட்டி என்பேன். வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டும் என்பதுமில்லை. மும்பையில் அனிமல் ஃபேக்டரி ஆம்ப்ளிஃபிகேஷன் போன்ற பட்டறைகள் இங்கேயே செய்கின்றன.

வாசிப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. சட்ஜமும் பஞ்சமமும் மட்டும் சேர்த்து மீட்டினால் ஓசை திரண்டு நிற்கும். இடையில் காந்தாரத்தைச் சேர்த்தாலோ கலங்கிவிடும். ஒற்றைக் கம்பியில் இழுத்து வாசிக்கும் கமகத்திற்கு இது பெருந்துணை, ஒலி அறாமல் நீள்வதால். பல பெடல்கள் இருப்பின், பழைய வகை ஃபஸ்ஸைக் கிதாரை அடுத்து முதலாவதாக வையுங்கள். இரவில் வாசிப்போர், சுவருக்கு அப்பால் உறங்குவோரையும் நினைவிற் கொள்க!

மின்சாரத்தில் கவனம் தேவை. பழைய முறையில் அமைந்த ஜெர்மானியப் பெடல்கள் பலவற்றில் மின்கலத்தின் நேர்முனையே தரையோடு இணைந்திருக்கும். மற்றப் பெடல்களோடு ஒரே அடாப்டரில் அதனைப் பூட்டினால் குறுக்குச்சுற்று நேரும். தனியே ஒரு 9 வோல்ட் மின்கலம் போதும். மிகக் குறைந்த மின்சாரமே உண்பதால் நெடுநாள் வரும். ஆனால் உள்ளீட்டில் கம்பி செருகியிருக்கும் வரை, காலால் அணைத்து வைத்திருந்தாலும், மின்கலம் கரைந்துகொண்டே இருக்கும். வாசித்து முடித்ததும் கம்பியை உருவிவிடுங்கள். மழைக்காலத்தில் பல நாள் தொடாமல் வைப்பதாயின் மின்கலத்தையும் கழற்றி, பெட்டியை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடி வையுங்கள்.