நீர் போகும் வழி



யாழ்ப்பாணத்து வீடுகளிற் குளிப்பு என்பது நெடுங்காலம் கிணற்றடியிலேயே நிகழ்ந்தது. மேனியை நனைத்த நீர் சிறு வாய்க்கால் வழியே ஓடி வாழைக்குப் பாய்ந்தது. நீர் போகும் வழியை முதலிற் கண்டு, அதன் பின்னரே நம் முன்னோர் கிணற்றடியைக் கட்டினர். இன்று குளிப்பு வீட்டினுள் வந்துவிட்டது. ஆனால் அந்த ஒழுங்கை நாம் மறந்துவிட்டோம். குளியலறையைத் திருத்த எண்ணுவோர் முதலில் தரையோட்டின் நிறத்தைத் தேடுகின்றனர். வடிகாலை இறுதியில் நினைக்கின்றனர்.

இப்பிழையை நானும் செய்தேன். எங்கள் குளியலறையிற் சவர் என வழங்கும் தூவற்குழாயின் கீழ், நீரை மறிப்பதற்காக 3 அங்குல உயரத்தில் ஒரு விளிம்பு கட்டப்பட்டிருந்தது. முதுமையெய்திய என் அன்னையார் அதில் இடறி வீழ்ந்து இடுப்பெலும்பு முறிந்தார். அவர் வீடு திரும்புமுன் அவ்விளிம்பை அகற்றி, நேரே நடந்து புகத்தக்கதாக இடத்தைச் செப்பனிடுவித்தோம். ஓடுகள் அழகாகவே பதிந்தன. ஆனால், முதல் நாட் குளிப்பிலேயே நீர் வாயிலைக் கடந்து விறாந்தைக்கு வந்தது. பதித்த ஓடுகளை உடைத்து மீண்டும் தொடங்க நேர்ந்தது. விளிம்பை நீக்கினால் அதன் வேலையைச் சரிவு செய்ய வேண்டும் என்பதை அப்பொழுதே உணர்ந்தோம்.

சரிவின் கணக்கு எளியது. ஓரடித் தூரத்துக்குக் கால் அங்குலம் தாழ்வு போதும். வாயிலிலிருந்து வடிகால் 6 அடி தொலைவிலிருப்பின், வடிகாலின் வாய் ஒன்றரை அங்குலம் தாழ்ந்திருத்தல் வேண்டும். நிலத்தின் மேலமைந்த தளமாயின் பழைய சீமெந்தை உடைத்து அத்தாழ்வைப் பெறலாம். மேல்மாடியாயின் கொங்கிரீட்டைச் செதுக்குதல் ஆபத்து. அதனுள்ளே கட்டடத்தைத் தாங்கும் கம்பிகள் உள்ளன. அங்கே அறையின் தளத்தையே சிறிது உயர்த்தி, வாயிலிற் படிக்குப் பதிலாக மெல்லிய சாய்வை அமைத்தலே தக்கது.

அடுத்தது வடிகாலின் இடம். அது வாயிலுக்குத் தொலைவில், தூவற்குழாயின் பக்கமாக இருத்தல் நன்று. நடுவில் ஒரு துளை வைப்பின் தளம் நாற்புறமும் சரிய வேண்டும். அதற்குச் சிறிய ஓடுகளே பொருந்தும். சுவரோரமாக நீண்ட வடிகால் வைப்பின் சரிவு ஒரு திசையிலேயே அமையும். பெரிய ஓடுகளும் படியும். எவ்வாறாயினும் மினுங்கும் ஓட்டை விலக்கிச் சொரசொரப்பானதையே தெரிந்தெடுங்கள். முதியோர் பற்றி நிற்கச் சுவரில் ஒரு கைப்பிடியும் வேண்டும். சக்கர நாற்காலி திரும்ப வேண்டுமாயின் 5 அடி அகலமும் 5 அடி நீளமும் உள்ள வெளியை ஒதுக்குங்கள்.

வடிகாலின் கீழ்க் குழாய் 2 அங்குல விட்டத்துக்குக் குறையலாகாது. அதன் வளைவில் எப்பொழுதும் நீர் தேங்கி நிற்க வேண்டும். துர்நாற்றமும் பூச்சிகளும் மேலே வராமற் காப்பது அந்நீரே. நெடுநாட் பயன்படாத அறையில் அது வற்றிவிடும். இடையிடையே ஒரு வாளி நீர் ஊற்றுங்கள்.

ஓடும் அதன் இடைச்சந்துகளிலிடும் சாந்தும் நீரை முற்றாகத் தடுப்பன அல்ல. ஆதலால் ஓடு பதிக்குமுன் தளத்திலும், மூலைகளிலும், தூவற்குழாய் உள்ள சுவரில் அதன் உயரம் வரையிலும் நீர்க்காப்புப் பூச்சுப் பூச வேண்டும். அது காய்ந்தபின் வடிகாலை அடைத்து, வாயிலிற் சிறு தற்காலிக வரம்பிட்டு, ஓர் இரவும் பகலும் நீரைத் தேக்கிப் பாருங்கள். நீர் மட்டம் இறங்கினாலோ, அயற்சுவரில் ஈரம் தோன்றினாலோ, பிழையைத் திருத்துவதற்கு அதுவே உற்ற தருணம்.

இறுதியாக, வெளியேறும் நீரை நினைப்போம். தூவற்குழாய் நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 லீற்றர் நீரைச் சொரியுமாயின், பத்து நிமிடக் குளிப்புக்கு 100 லீற்றர் செல்லும். அதனை மலசலகூடத் தொட்டியினுள் விடலாகாது. பெருகும் நீர் அங்கே அடங்க வேண்டிய அழுக்கையும் வெளியே தள்ளிவிடும். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கற் பாறையின் மேலமைந்தது. அதன் வெடிப்புகளூடாக இறங்கும் அழுக்கு நீர், நன்கு வடிகட்டப்படாமலே நிலத்தடி நீரைச் சேர்கின்றது. நாம் குடிப்பதும் அந்நீரையே. ஆகவே குளித்த நீரைத் தனிக்குழாயில், கிணற்றுக்கு இயன்றவரை தொலைவிலே கொண்டு சென்று, வாழைப்பாத்திகளிற் பரவலாகப் பாய விடுங்கள். ஓரிடத்தில் தேங்க விடாதீர்கள்.

மேசனார் வேலை தொடங்கும் நாளில், ஓட்டுக் கடைக்குப் போகுமுன், அவரிடம் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "இங்கே ஊற்றும் நீர் எந்த வழியாற் போய் எங்கே முடியும்?" அதற்கு அவர் சுண்ணக்கட்டியால் தரையிலே கோடிட்டுக் காட்டிய பின்னரே மற்றவற்றைத் தொடங்குங்கள். எங்கள் வீட்டில் அக்கோடு இரண்டாம் முறைதான் வரையப்பட்டது. அன்னையார் இப்பொழுது இடறாமல் உள்ளே சென்று, தாமே குளித்து வருகின்றார்.