பழைய லென்சும் புதிய காமிராவும்



ஒளிப்படத் தொழிலில் இறங்க விரும்பும் இளைஞர் பலர் நம்மிடையே உள்ளனர். கடன் பெற்றேனும் காமிரா வாங்கிவிடுகின்றனர். அதன்பின் லென்சுகளின் விலை கண்டு திகைத்து நிற்கின்றனர். மறுபுறம், ஃபிலிம் காலத்து நல்ல லென்சுகள் பல, பயனின்றிப் பெட்டிகளில் உறங்குகின்றன. ஒரு நிறுவனத்தின் லென்சை மற்றொரு நிறுவனத்தின் காமிராவில் பொருத்த இயலுமா? சிலவற்றில் இயலும், சிலவற்றில் இயலாது. எதில் இயலும் என்பதை அறிய ஒரு கழித்தல் கணக்கே போதும். அதனையே இன்று எடுத்துரைக்க விழைகிறோம்.

அளவு மாறுபட்ட இரு குழாய்களை ரெடியூசர் வைத்து இணைப்பதை நாம் அறிவோம். லென்சிற்கும் அவ்வாறே வாய் பொருந்தினால் போதும் என்று பலர் எண்ணுவர். அது போதாது. உருப்பெருக்கிக் கண்ணாடியை வெயிலில் பிடித்துக் காகிதத்தைக் கருக்கிப் பார்க்காத மாணவர் அரியர். கண்ணாடி குறிப்பிட்ட உயரத்தில் நின்றால்தான் ஒளி புள்ளியாகக் குவியும். சற்று ஏறினாலும் இறங்கினாலும் புள்ளி கலைந்துவிடும். காமிராவிலும் இதுவே விதி. லென்ஸ் அமரும் விளிம்பிலிருந்து ஃபிலிம் அல்லது சென்சார் வரையுள்ள தொலைவை நாம் ‘அமர்வுத் தொலைவு’ என வழங்குவோம். ஒவ்வொரு காமிரா வகைக்கும் அது வெவ்வேறாகும்.

1959இல் வெளிவந்த நிக்கான் எஃப் வகைக்கு அத்தொலைவு 46.5 மி.மீ. எம்42 எனப்படும் திருகுமரை வகைக்கு 45.46 மி.மீ. கேனன் நிறுவனத்தின் பழைய எஃப்.டி. வகைக்கு 42 மி.மீ.; 1987இல் வந்த இ.எஃப். வகைக்கு 44 மி.மீ. இவையாவும் லென்சிற்கும் ஃபிலிமிற்கும் இடையே கண்ணாடி ஒன்று மேலெழுந்து இறங்கும் காமிராக்கள். ஆதலின் இடம் மிகுதியாகத் தேவைப்பட்டது. 2008 முதல் அக்கண்ணாடி இல்லாத மிர்ரர்லெஸ் காமிராக்கள் விற்பனைக்கு வந்தன, தொலைவும் சுருங்கிற்று. சோனி இ வகைக்கு 18 மி.மீ.; 2018இல் வந்த நிக்கான் இசட் வகைக்கு 16 மி.மீ.; அதே ஆண்டில் வந்த கேனன் ஆர்.எஃப். வகைக்கு 20 மி.மீ.

இனிக் கணக்கிற்கு வருவோம். லென்சிற்குரிய தொலைவிலிருந்து காமிராவின் தொலைவைக் கழிக்க வேண்டும். மீதி எவ்வளவோ அதுவே அடாப்டர் என்னும் இணைப்பு வளையத்தின் தடிமன். நிக்கான் எஃப் லென்சை நிக்கான் இசட் காமிராவில் பொருத்த 30.5 மி.மீ. வளையம் வேண்டும். எம்42 லென்சைக் கேனன் இ.எஃப். காமிராவில் பொருத்த 1.46 மி.மீ. போதும்.

மீதி இல்லையெனில்? வளையம் தொலைவைக் கூட்டுமேயன்றிக் குறைக்காது. எம்42 லென்சை நிக்கான் எஃப் காமிராவில் பொருத்தினால் 1.04 மி.மீ. மிகுந்துவிடும். அந்நிலையில் 50 மி.மீ. லென்ஸ் ஏறத்தாழ இரண்டரை மீட்டருக்கு அப்பால் கூர்மையாகக் குவியாது. முகம் தெளியும், திருமண மேடையின் கூட்டப்படம் கலங்கிவிடும். இடையில் கண்ணாடி பதித்த வளையங்களும் உண்டு. மலிவானவை படத்தின் தெளிவைக் கெடுத்துவிடும்.

1987இல் கேனன் தன் லென்ஸ் வகையை மாற்றியபோது, எஃப்.டி. லென்சுகள் அந்நிறுவனத்தின் புதிய காமிராக்களில் வெறும் வளையத்தால் பொருந்தாமற் போயின. காரணம் 2 மி.மீ. வேறுபாடே. அதே லென்சுகள் இன்று சோனி இ காமிராவில் 24 மி.மீ. வளையத்தோடு செவ்வனே பணியாற்றுகின்றன. லைக்கா நிறுவனமோ 1954இல் எம்3 காமிராவை அமைத்தபோது, தன் பழைய திருகுமரை லென்சின் 28.8 மி.மீ. தொலைவிற்கு எதிராக 27.8 மி.மீ. வைத்தது. ஆகவே ஒரு மி.மீ. வளையத்தால் பழைய லென்சுகள் புதிய காமிராவிலும் பயன்பட்டன.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை சிலவுண்டு. வளையத்தின் தடிமன் 0.1 மி.மீ. மிகுந்தாலும் 50 மி.மீ. லென்ஸ் 25 மீட்டருக்கு அப்பாலுள்ளதைத் துல்லியமாகக் குவிக்காது. எனவே தொலைவிலுள்ள மரத்தையோ கோபுரத்தையோ நோக்கிச் சோதித்துப் பார்த்தே பணம் கொடுத்தல் வேண்டும். லென்சின் துளையைத் திறந்து மூடும் வளையம் லென்சிலேயே இருத்தல் நன்று. இல்லாதவற்றைச் சாதாரண அடாப்டரால் கட்டுப்படுத்த இயலாது. லென்சை விளக்கிற்கு எதிரே பிடித்துப் பூஞ்சை இழைகள் படர்ந்துள்ளனவா என்று பார்த்தல் வேண்டும். சென்சார் சிறிதாயின் நடுப்பகுதி மட்டுமே பதியும். ஃபிலிம் காமிராவில் முழு மேடையையும் காட்டிய லென்ஸ் மணமக்களோடு நின்றுவிடும்.

இம்முறையில் பெரும்பாலும் கையால்தான் குவியம் வைத்தல் வேண்டும். ஓடியாடும் குழந்தைகளுக்கும் விளையாட்டுப் போட்டிகளுக்கும் இது ஏற்றதன்று. நின்று எடுக்கும் உருவப்படம், பொருட்படம், இயற்கைக் காட்சி ஆகியவற்றிற்குச் சாலப் பொருந்தும். பயிலும் காலத்தில், கைப்பழக்கத்தைத் தரும் ஆசானும் இதுவே.

இளைஞர்களே! தொழில் தொடங்குவோரின் முதற்பணம் வீணாவதைப்போல் ஊக்கத்தைக் கெடுப்பது வேறொன்றில்லை. இரண்டு எண்களை அறிந்து கழிக்கத் தெரிந்தவரைக் கடைவீதியில் எளிதில் ஏமாற்ற இயலாது. இவ்வளவுகளை ஓர் அட்டையில் எழுதிச் சங்கப் படிப்பகத்தில் தொங்கவிடுமாறு பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம். வீடுகளில் உறங்கும் லென்சுகளையும் அங்குக் கொணர்ந்து, அளவு பார்த்து, உரியவர் இசைவோடு நம் பிள்ளைகள் பழகட்டும்.