பெட்டி கட்டும் தாதியர்
(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நம்மில் பலருடைய குடும்பத்தில் ஒரு ‘மிஸ்ஸி’ இருப்பார். அக்காவாகவோ அண்ணியாகவோ சித்தியாகவோ இருப்பார். பத்து ஆண்டுகள் ஒரே வார்டில் நின்ற பிறகு அவர் மனத்தில் ஒரு கேள்வி எழுகிறது. “இதே வேலையை வேறோர் ஊரில் செய்தால் என்ன?” இந்தக் கேள்வி வந்தவுடன் வீட்டில் இரண்டு கட்சி ஆகிவிடுகிறது. கணவர் ஒரு பக்கம், மாமியார் மறுபக்கம். சம்பளத்தைச் சொன்னால் மாமியாரும் கட்சி மாறுவார் என்பது வேறு விஷயம்.

அமெரிக்காவில் இதற்கென்றே ‘டிராவல் நர்சிங்’ என்ற ஒரு முறை இருக்கிறது. பயணத் தாதிமை என்று சொல்லலாம். ஒரு மருத்துவமனையில் தாதி ஒருவர் பிரசவ விடுப்பில் போகிறார். அல்லது குளிர்காலத்தில் நோயாளிகள் வந்து குவிகிறார்கள். நிரந்தர ஆள் எடுக்க அவகாசமில்லை. முகவர் நிறுவனத்தின் மூலம் வெளியூர்த் தாதி ஒருவரை அழைத்துக் கொள்கிறார்கள். பெரும்பாலும் 13 வார ஒப்பந்தம், அதாவது ஆண்டில் கால் பங்கு. வாரத்திற்கு மூன்று நாள், நாளுக்கு 12 மணி நேரம் வேலை. ஒப்பந்தம் முடிந்தால் நீட்டிக்கலாம். வேறு ஊருக்குப் போகலாம். ஒரு மாதம் வீட்டில் இருந்துவிட்டு அடுத்த ஒப்பந்தம் எடுக்கலாம்.

இதில் முதல் நன்மை பணம் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். நான் அதை இரண்டாவதாக வைக்கிறேன். விடுமுறைக்கு யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை என்பதே முதல் நன்மை. தீபாவளிக்கு லீவு கேட்டு, சக தாதியிடம் இரவு வேலையை மாற்றிக்கொள்ளச் சொல்லி, கடைசி நாளில் அது ரத்தாகிக் கண்கலங்கியவர்களுக்கு இதன் அருமை தெரியும். வார்டு அரசியலும் இல்லை. யார் யாருக்கு வேண்டியவர், அடுத்த பதவி உயர்வு யாருக்கு என்பதெல்லாம் மூன்று மாத விருந்தாளிக்குத் தேவையில்லாத கதை.

பணத்துக்கு வருகிறேன். மணிக்கணக்குச் சம்பளம் ஒரு பகுதி. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் தரப்படும் படி இன்னொரு பகுதி. இந்தப் படிக்கு அங்கே வருமான வரி கிடையாது. ஆனால் அதற்கு நிபந்தனை உண்டு. நிரந்தர வீடு ஓர் ஊரில் இருக்க வேண்டும். அதற்கான செலவையும் அவர் தொடர்ந்து செய்துவர வேண்டும். இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு ஊர் ஊராகச் சுற்றுகிறவருக்கு அந்தச் சலுகை இல்லை. இதை முகவர்கள் மெதுவான குரலில்தான் சொல்வார்கள்.

மாநிலத்துக்கு மாநிலம் உரிமம் வேறு என்பது ஒரு காலத்தில் பெரிய தலைவலியாக இருந்தது. பல மாநிலங்கள் ஒரே உரிமத்தை ஏற்கும் உடன்பாடு 2000ஆம் ஆண்டில் தொடங்கி, 2018இல் புதிய வடிவம் பெற்றது. இப்போது 40க்கும் மேற்பட்ட பகுதிகள் அதில் சேர்ந்துள்ளன. கலிபோர்னியா சேரவில்லை. ஆனாலும் தாதியர் தனி உரிமம் வாங்கிக்கொண்டு அங்கே போகவே விரும்புகிறார்கள். காரணம், ஒரு தாதி எத்தனை நோயாளிகளைப் பார்க்கலாம் என்பதற்கு அங்கே சட்டமே இருக்கிறது. 1999இல் இயற்றப்பட்டு 2004இல் நடைமுறைக்கு வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு இரண்டு நோயாளிகளுக்கு மேல் கூடாது. பொது வார்டில் ஐவர். இரவு வேலையில் ஒரு வார்டையே இருவராகப் பார்த்தவர்களுக்கு இது கனவு போலத் தோன்றும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கொவிட் காலத்தில் சில இடங்களில் வாரத்திற்கு 10,000 டாலர் வரை தருவதாக விளம்பரம் வந்தது. அதை நம்பி நிரந்தர வேலையை உதறியவர்கள் பலர். 2022இல் நோயாளிகள் குறைந்ததும் சம்பளமும் இறங்கியது. ஒப்பந்தம் பாதியில் இருக்கும்போதே தொகையைக் குறைத்தார்கள். சிலருக்கு ஒப்பந்தமே ரத்தானது. வெளியாளுக்குப் பழக்கப்படுத்தும் பயிற்சி ஓரிரு நாள்தான். அவசர மருந்து வண்டி எங்கே இருக்கிறது, நோயாளியின் பதிவைக் கணினியில் எப்படித் திறப்பது, நோயாளிக்கு இதயம் நின்றால் எந்த எண்ணை அழைப்பது, எல்லாம் அதற்குள் கற்றாக வேண்டும். வேறு வார்டில் ஆள் இல்லையென்றால் முதலில் அனுப்பப்படுவதும் பெரும்பாலும் இவர்தான்.

அதனால்தான் புதிதாகப் படிப்பை முடித்த பிள்ளைகளுக்கு இது வேண்டாம் என்கிறேன். அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு மூத்த தாதி நிற்க வேண்டும். பிள்ளைகள் வளர்ந்துவிட்ட 45 வயது அம்மாதான் இதற்குப் பொருத்தமானவர் என்பது என் கருத்து. அவருக்குக் கை பேசும். நோயாளியின் முகத்தைப் பார்த்தே ‘இவர் சரியில்லை’ என்று சொல்லிவிடுவார்.

சரி, மலேசியத் தாதி நேராகப் போய் இதில் சேரலாமா? முடியாது. 13 வாரத்துக்கு விசா தருவதில்லை. என்கிலெக்ஸ் தேர்வில் தேற வேண்டும். கல்வி, மொழிச் சான்றுகள் ஆய்வு செய்யப்பட வேண்டும். பிறகு குடிநுழைவு விசாவுக்கு வரிசையில் நிற்க வேண்டும். வரிசை நீண்டால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரும். அழைத்துப் போகும் நிறுவனம் பெரும்பாலும் இரண்டு, மூன்று ஆண்டுகள் தன்னிடமே வேலை செய்யச் சொல்லும். அதை முடித்த பிறகே பயணத் தாதியாகும் சுதந்திரம்.

பெற்றோரும் கணவன்மாரும் அந்த ஒப்பந்தத்தைத்தான் உற்றுக் கவனிக்க வேண்டும். பிலிப்பீன்ஸிலிருந்து நியூயார்க் சென்ற தாதியரின் ஒப்பந்தத்தில், காலத்துக்கு முன் விலகினால் 25,000 டாலர் கட்ட வேண்டும் என்று எழுதியிருந்தது. அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2019இல் அங்குள்ள கூட்டரசு நீதிமன்றம், அது தாதியரை மிரட்டிக் கட்டிப்போடும் தண்டம், செல்லாது என்று தீர்ப்பளித்தது. வென்றார்கள்; ஆனால் அதற்குள் எத்தனை பேர் பயந்து வாயை மூடிக்கொண்டு வேலை செய்திருப்பார்கள்! விலகினால் எவ்வளவு, எதற்காக, யாருக்கு என்பது எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். கடப்பிதழை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள்.

நம்மவர்களுக்குப் பக்கத்து வீடு சிங்கப்பூர். அங்கே ஒரு வெள்ளி, இங்கே மூன்று வெள்ளிக்கு மேல். கடற்பாலத்தைத் தாண்டினால் வேலை. ஜொகூரில் இருந்துகொண்டே விடியற்காலை பஸ் ஏறும் தாதியர் நிறைய. இங்கேயும் கணக்கை முழுதாகப் போட வேண்டும். வேலை அனுமதியில் இருப்பவருக்கு அந்நாட்டுச் சேமநிதி கிடையாது. ஆகவே மாதச் சம்பளம் வந்தவுடன் இங்குள்ள ஊழியர் சேமநிதியில் விருப்பச் சந்தாவாக ஒரு தொகையைப் போட்டுவிட வேண்டும். இல்லையென்றால் 55 வயதில் கையில் நிற்பது வீட்டுக் கடன் மட்டும்தான்.

இன்னொன்று, 2020 மார்ச் 18. அன்று நம் எல்லை மூடப்பட்டது. நாளை திரும்பிவிடலாம் என்று மாற்றுத் துணியோடு போனவர்கள் அங்கேயே தங்கிப் போனார்கள். தரைவழி எல்லை முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1ஆம் தேதி. இடையில் சிறப்பு அனுமதி உண்டு. ஆனால் தனிமைப்படுத்தும் நாட்களைக் கழித்தால் லீவில் என்ன மிஞ்சும்? கைப்பேசித் திரையில் தாயைப் பார்த்தே நடக்கப் பழகிய குழந்தைகள் உண்டு. ஒரு மணி நேரத் தூரம்தானே என்று நினைப்பவர்கள், பிள்ளையை யாரிடம் விட்டுச் செல்கிறோம் என்பதை அந்த இரண்டு ஆண்டுகளை நினைத்து முடிவு செய்யட்டும்.

அரசாங்க வேலையில் இருப்பவர்கள் ஓய்வூதியக் கணக்கைக் கேட்டறிந்த பிறகே விலகல் கடிதம் எழுத வேண்டும். உபகாரச் சம்பளத்தில் படித்தவர்கள் சேவை ஒப்பந்தம் எத்தனை ஆண்டு பாக்கி என்று பார்க்க வேண்டும். எங்கே போனாலும் மலேசியத் தாதியர் வாரியத்தின் பணிச் சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பித்துக் கொண்டே இருங்கள். அதற்கு வேண்டிய தொடர்கல்விப் புள்ளிகளையும் சேர்த்து வாருங்கள். வெளிநாட்டில் பத்து ஆண்டுகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் நின்றவராக இருந்தாலும், இங்கே திரும்பி வந்து வேலை கேட்கும்போது முதலில் கேட்கப்படுவது அந்தச் சான்றிதழ்தான்.