சோலார் பம்புக்கு வைத்தியம் பார்ப்பது யார்?

மல்லாங்கிணறு பக்கம் சோலார் பம்பு பற்றிப் பேச்செடுத்தாலே, "மானியம் எவ்வளவு சார்?" என்றுதான் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. டீசல் செலவும் புகையும் குறைவது லாபம்தான். கூடவே இன்னொன்றும் கேட்டு வையுங்கள்: ரிப்பேர் ஆனால் யார் பார்ப்பது?

2019-இல் மத்திய அரசு தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தில், பம்பு போடும் கம்பெனிக்கு 5 வருஷம் பராமரிப்புப் பொறுப்பு உண்டு. தகடுகளோ 25 வருஷம் உழைக்கக்கூடியவை. மீதி 20 வருஷத்துக்கு? வெளியூர் மெக்கானிக் வருகிற வரைக்கும் மிளகாய்ச் செடி வாடாமல் காத்திருக்குமா?

"நம்ம ஊர் வயர்மேன் இருக்காரே" என்பீர்கள். கெட்டிக்காரர்தான். ஆனால் கரண்ட் மோட்டாரில் பியூஸைப் பிடுங்கினால் அதற்குப் பிறகு வயரில் மின்சாரம் இராது. சோலாரில் அப்படியில்லை. வெயில் இருக்கிற மட்டும் தகடு மின்சாரம் தந்துகொண்டே இருக்கும். வரிசையாகக் கோத்த தகடுகளில் சில நூறு வோல்ட் நிற்கும், அதுவும் டி.சி. மின்சாரம். மோட்டார் ஓடும்போது இணைப்பைப் பிடுங்கினால் பொறி பறக்கும், சட்டென்று அணையாது. ஒரு பொறி என்ன செய்யும் என்று பட்டாசு ஆலைக்குப் போய்வரும் நம்மவர்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? கன்ட்ரோலரை நிறுத்தி, டி.சி. சுவிட்சை அணைத்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். அப்போதும் தகட்டுப் பக்கத்து வயரில் மின்சாரம் இருக்கும். இதெல்லாம் முறையாகப் படிக்க வேண்டிய வேலை.

2015-இல் தொடங்கிய சூரியமித்ரா பயிற்சி 600 மணி நேரம், அதாவது ஏறக்குறைய 3 மாதம். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன், வயர்மேன் போன்ற பிரிவு முடித்தவர்களுக்கானது. இதுபோன்ற பயிற்சி அடுத்து எங்கே, எப்போது என்று அரசு ஐ.டி.ஐ.யில் விசாரியுங்கள்.

கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தது. சுமார் 25 லட்சம் தகடுகள். கட்டும்போது ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை. எட்டே மாதத்தில் கட்டி முடித்துவிட்டார்கள். பிறகு தகட்டைத் துடைக்கவும் இயந்திரம். பெரிய நிலையத்தை மட்டும் நம்பிப் பையனைப் படிக்க வைக்காதீர்கள் என்பது என் கட்சி. சுற்றுவட்டாரக் கிணறுகளைக் கவனிப்பவனுக்கு வருஷம் பூராவும் வேலை.

பையன் என்று மட்டும் ஏன் சொல்ல வேண்டும்? ராஜஸ்தானில் திலோனியா கிராமத்து பேர்ஃபுட் காலேஜில் எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பாட்டிமார்கூட, 6 மாதத்தில் சோலார் விளக்கு பொருத்தவும் பழுது பார்க்கவும் கற்றிருக்கிறார்கள். தீப்பெட்டி ஒட்டிய விரலுக்கு இது வராதா என்ன?

பம்புக்கு மனுக் கொடுக்க வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகம் போகும்போது, ஊரில் ஐ.டி.ஐ. முடித்த பிள்ளை ஒன்றையும் கூட்டிப் போங்கள். கம்பெனி ஆள் வந்து பம்பு மாட்டுகிற அன்று பக்கத்திலேயே நின்று, எந்த வயர் எங்கே போகிறது என்று நோட்டில் படம் போட்டு வைத்துக்கொள்ளட்டும்.