சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

(தலைப்பு: 'கவுண்டி அணி வலுப்பெறுவது மேலே கொட்டுகிற பணத்தாலா? கீழே நடக்கிற லீக்கைச் சீர்செய்வதாலா?' லீக்கைச் சீர்செய்வதாலே என்ற அணியின் இரண்டாவது பேச்சு.)



நடுவர் ஐயா இன்றைக்கு நம்மை அயர்லாந்துக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார். விசா இல்லை, டிக்கெட் இல்லை. (சிரிப்பு) அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: பேச்சு அங்கேயே நிற்க வேண்டும், கிரிக்கெட்டுக்குத் தாவக் கூடாது. சரி ஐயா, தாவவில்லை.

தாய்மார்களுக்காக ஒரு வார்த்தை. அங்கே இரண்டு ஆட்டம் பெரிய ஆட்டம். ஒன்று கேலிக் கால்பந்து. பெயர்தான் கால்பந்து, கையாலும் பிடிக்கலாம். இன்னொன்று ஹர்லிங். கையிலே ஒரு மரமட்டை, சின்னப் பந்து, அது வருகிற வேகத்தைப் பார்த்தால் நமக்குத் தலை தானாகக் குனியும். இரண்டிலும் பக்கத்துக்கு 15 பேர். 1884-ல் தர்லஸ் என்ற ஊரிலே தொடங்கிய கேலிக் விளையாட்டுச் சங்கம்தான் இதை நடத்துகிறது. ஊருக்கு ஊர், பங்குக்குப் பங்கு ஒரு கிளப். கிளப்புகளுக்கு மேலே கவுண்டி, நம்ம மாவட்டம் மாதிரி. தீவு முழுக்க 32 கவுண்டி.

இதிலே ஒரு விசேஷம் கேளுங்கள். ஆட்டக்காரனுக்குச் சம்பளமே கிடையாது! டப்ளினில் குரோக் பார்க் என்ற மைதானம், 82,000 பேர் உட்காரலாம். ஞாயிற்றுக்கிழமை அத்தனை பேர் முன்னாலே ஆடியவன், விடுமுறை முடிந்ததும் பள்ளிக்கூடத்திலே சாக்பீஸ் எடுத்துக்கொண்டு நிற்கிறான். கூட்டம் என்னவோ இன்னும் அவன் பேரைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. அவன் 'ஏய், பின்பெஞ்ச், பேசாதே' என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். (சிரிப்பு, கைதட்டல்)

ஏன் இதைச் சொல்றேன்? எதிரணி அம்மையார் 'பணம், பணம்' என்று பத்து நிமிஷம் பேசினார்கள். அம்மா, பணம் இருந்தால் பேருந்து வாங்கலாம், ஜிம் கட்டலாம், டாக்டரை வைக்கலாம். ஆட்டக்காரனை வாங்க முடியாதே! பக்கத்துக் கவுண்டியிலே ஒரு நல்ல பையன் இருக்கிறான், தூக்கிப் போட்டுக்கொண்டு வா என்றால் நடக்காது. அவன் எந்த ஊர்க் கிளப்போ அந்தக் கவுண்டிக்குத்தான் ஆடுவான். அப்படியானால் கவுண்டி அணி எங்கேயிருந்து வரணும்? சொந்த ஊர்க் கிளப்பிலிருந்துதான் வரணும். சட்டியில் இருந்தால்தானே ஐயா அகப்பையில் வரும்? எதிரணி அகப்பைக்கு வெள்ளிப் பூண் போடுகிறது. நாங்கள் சட்டியைப் பார்க்கிறோம். (கைதட்டல்)

'டப்ளினைப் பாருங்கள்' என்றார்கள். பார்ப்போம். 2022 கணக்கெடுப்பின்படி டப்ளினில் ஏறக்குறைய 14½ லட்சம் பேர். லெய்ட்ரிம் கவுண்டியில் 35,000 பேர். டப்ளின் 2015 முதல் 2020 வரை தொடர்ந்து ஆறு முறை அகில அயர்லாந்துக் கால்பந்துக் கோப்பை வாங்கியது. லெய்ட்ரிம் ஒரு தடவைகூட வாங்கியதில்லை. ஆகவே ஜனத்தொகையும் பணமும்தான் என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

நான் ஒன்று கேக்கிறேன். அதே டப்ளின், அதே ஜனம், அதே பணம். ஹர்லிங்கில் அகில அயர்லாந்துக் கோப்பையைக் கடைசியாக எப்போது வாங்கியது? 1938! (கைதட்டல்) அப்புறம் எத்தனை பேர் பிறந்து, கல்யாணம் கட்டி, பேரன் எடுத்தாச்சு. கால்பந்திலேயே 1995-க்கும் 2011-க்கும் நடுவில் ஒரு கோப்பையும் இல்லை. நடுவில் பதினைந்து வருஷம் ஜனங்கள் எல்லாம் எங்கே போயிருந்தார்கள்? குடும்பத்தோடு ஊருக்குப் போயிருந்தார்களா?

இப்போது கில்கென்னியைப் பாருங்கள். ஜனத்தொகை ஒரு லட்சத்துக்குச் சற்று மேலே. ஹர்லிங்கில் 36 அகில அயர்லாந்துக் கோப்பை. கால்பந்தை ஏறக்குறையக் கைகழுவிவிட்டு ஹர்லிங்கே கதி என்று இருப்பவர்கள், அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் லீக்கை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். மேல் வகுப்பிலே 12 கிளப், 12 மட்டும். ஆறு ஆறாகப் பிரித்து முதலில் லீக். அந்த லீக்கில் எந்த இடம் பிடிக்கிறாயோ அதை வைத்துத்தான் அடுத்து வருகிற சாம்பியன்ஷிப்பில் உனக்கு இடம். மேலே வந்தால் நேரே காலிறுதி. இல்லையென்றால் முதல் சுற்றிலிருந்து வா. அங்கேயும் தோற்றால் கீழ் வகுப்புக்குப் போகிற ஆபத்து தலைக்கு மேலே தொங்குகிறது. ஆக, லீக்கில் சும்மா ஆடுகிற ஆட்டம் என்று ஒன்று கிடையாது.

மற்ற இடங்களில் பல வருஷமாக என்ன நடந்தது? வசந்த காலத்தில் லீக் நடக்கும். அதே நேரம் கவுண்டி அணிக்குத் தேசிய லீக் நடக்கும். கவுண்டி ஆட்டக்காரர்களைக் கிளப் ஆட்டத்துக்கு அனுப்ப மாட்டார்கள், காயம் பட்டுவிடுமாம். கல்யாண வீட்டிலே மாப்பிள்ளை இல்லாமல் தாலி கட்டுகிற கதை. (சிரிப்பு) ஜெயித்தாலும் சரி, தோற்றாலும் சரி, யாருக்கும் உறைக்காது. இதிலே பெரிய நஷ்டம் யாருக்கு? அந்தப் பதினெட்டு வயசுப் பையனுக்கு. அவன் கவுண்டியின் பெரிய ஆட்டக்காரனை எதிர்த்து நின்று, அவன் தோளிலே மோதி, இரண்டு தரம் ஏமாந்து, மூன்றாவது தரம் பந்தைத் தட்டிப் பறித்தால்தானே 'நானும் ஆடுவேன்' என்ற தைரியம் வரும்? அந்த ஒரு மணி நேரத்தை எந்த ஜிம்மிலே வாங்குவது?

அதோடு போச்சா? ஏப்ரலில் சாம்பியன்ஷிப் ஒரு ஆட்டம் நடக்கும். அப்புறம் கவுண்டி அணி தோற்று வெளியே வருகிற வரைக்கும் கிளப் காத்திருக்கணும். மே, ஜூன், ஜூலை. அடுத்த ஆட்டம் எப்போது என்று யாருக்கும் தெரியாது. கல்யாணத் தேதி குறிக்க முடியாது, பெண்டாட்டி பிள்ளையை நாலு நாள் வெளியூர் கூட்டிக்கொண்டு போக முடியாது. (இதற்கு மட்டும் எங்கள் வீட்டிலே ஒரு காரணம் கிடைத்தால் நான் சந்தோஷப்படுவேன், அது வேறு விஷயம்.) (சிரிப்பு) பையன்கள் சிலர் பார்த்தார்கள், கோடைக்கு பாஸ்டன், சிகாகோ என்று போய் அங்கே வேலையும் பார்த்தார்கள், ஆட்டமும் ஆடினார்கள். ஊர் மைதானத்திலே புல் மட்டும் வளர்ந்தது.

பொறுத்துப் பார்த்து, 2017-ல் கிளப் ஆட்டக்காரர்கள் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். கேட்டது ஒன்றுதான்: அட்டவணையைச் சரி செய்யுங்கள். 2020-ல் கொரோனா வந்தது. வேறு வழியில்லாமல் முதலில் கிளப் ஆட்டம், பிறகு கவுண்டி ஆட்டம் என்று பிரித்தார்கள். பார்த்தால், நடக்காது என்று சொன்ன காரியம் நடந்துவிட்டது! 2021-ல் சங்கத்தின் மாநாட்டிலே தீர்மானமாகி, 2022 முதல் ஆண்டைப் பாதியாகப் பிரித்தார்கள். ஜூலையோடு கவுண்டி இறுதி ஆட்டங்கள் முடியும். பிறகு ஆட்டக்காரன் முழுசாகக் கிளப்புக்கு. ஜூலையிலேயே முடித்தால் செப்டம்பர் திருவிழா போய்விட்டதே என்று அங்கே வருத்தப்படுகிறவர்கள் உண்டு. வருத்தம் நியாயம்தான். ஆனால் தேதி தெரிந்த வாழ்க்கை ஒன்று இருக்கிறது பாருங்கள், அதற்கு ஈடு இல்லை.

'கார்க் சீர்திருத்தியதே, என்ன கிழித்தது?' என்று புலவர் ஐயா கேட்டார். நல்ல கேள்வி, ஓடி ஒளிய மாட்டேன். கார்க்கில் மேல் வகுப்பிலே கிளப்புகளின் நெரிசல். பலமானவன் பலமில்லாதவனை இருபது புள்ளியில் அடிப்பான். இரண்டு பேருக்குமே பிரயோஜனம் இல்லை. 2020-ல் வகுப்புக்கு 12 அணி, நாலு நாலாக மூன்று பிரிவு, மேலே ஒன்று ஏறினால் கீழே ஒன்று இறங்கணும் என்று அடுக்கினார்கள். அதற்குப் பிறகு ஹர்லிங்கில் கார்க் 2021, 2024, 2025 மூன்று வருஷமும் அகில அயர்லாந்து இறுதி ஆட்டத்துக்கு வந்தது. மூன்றிலும் தோற்றது. 2024-ல் கிளேரிடம் கூடுதல் நேரத்தில் ஒரே ஒரு புள்ளி. 2025-ல் இடைவேளையில் ஆறு புள்ளி முன்னாலே இருந்து, இரண்டாம் பாதியில் இரண்டே இரண்டு புள்ளி எடுத்து டிப்பரரியிடம் விழுந்தது. அதே 2025-ல் தேசிய லீக்கும் மன்ஸ்டர் கோப்பையும் வாங்கிய அணி அது. ஐயா, 2005-க்கும் 2020-க்கும் நடுவில் பதினான்கு வருஷத்தில் இரண்டே தடவை இறுதிக்கு வந்த கவுண்டி, ஐந்து வருஷத்தில் மூன்று முறை வந்திருக்கிறது. இறுதி நாளன்று மனசு உடைவதற்கு லீக் அட்டவணையிலே மருந்து இல்லை. அதை நானும் சொல்ல மாட்டேன்.

லிமெரிக்கைச் சொன்னார்கள். 1973-க்குப் பிறகு 2018-ல்தான் கோப்பை, பின்னாலே ஒரு கோடீஸ்வரர் இருந்தார் என்று. இருந்தார். ஆனால் 2018 அணியில் பலர் யார்? 2015-லும் 2017-லும் 21 வயதுக்குட்பட்டோர் கோப்பையை வென்ற பையன்கள். விதைக்குச் செலவழித்தார்கள், அறுத்தார்கள். இது எங்கள் கட்சிப் பேச்சு அம்மா, எங்களுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். (கைதட்டல்)

கடைசியாக, எதிரணி சொன்னதிலே எனக்கு வலித்த இடம் ஒன்று. 'வகுப்பைச் சுருக்கினால் சின்ன ஊர் கீழே போய்விடும், அந்த ஊர்ப் பெயரே அழிந்துவிடும்' என்றார்கள். தாத்தா ஆடிய சட்டை, அப்பா ஆடிய சட்டை. பக்கத்து ஊரோடு சேர்ந்து ஒரே கிளப்பாக ஆகிவிடு என்றால் எவன் ஒத்துக்கொள்வான்? அதற்குக் கெர்ரி கவுண்டி வழி சொல்லி ரொம்ப நாளாச்சு. அங்கே சின்னக் கிளப்புகள் தன் பெயரிலே தன் வகுப்பில் ஆடும். கவுண்டி சாம்பியன்ஷிப் வரும்போது மட்டும், பக்கத்து ஊர்கள் ஒன்றுசேர்ந்து ஒரு வட்டார அணியாக மேல் வகுப்பில் இறங்கும். கிளப்பும் சாகாது, கெட்டிக்காரப் பையனும் கீழேயே கிடக்க மாட்டான்.

டேவிட் கிளிஃபர்ட் என்று ஒரு ஆட்டக்காரர், 2022, 2023 இரண்டு வருஷமும் நாட்டிலேயே சிறந்த கால்பந்து வீரர். தொழில், ஆசிரியர். அவர் கிளப் ஃபோசா. கடைசி வகுப்புகளில் இருந்த சின்ன ஊர்க் கிளப். ஆனால் அவர் ஈஸ்ட் கெர்ரி வட்டார அணியில் சேர்ந்து 2019, 2020, 2022, 2023-ல் கவுண்டி சாம்பியன். ஃபோசாவை விட்டாரா? 2023 ஜனவரியில் அதே ஃபோசா, குரோக் பார்க்கில் இறங்கி ஜூனியர் வகுப்பு அகில அயர்லாந்துக் கோப்பையைத் தூக்கியது. கெர்ரிக்கு 2025 வரை கால்பந்தில் 39 அகில அயர்லாந்துக் கோப்பை, வேறு எந்தக் கவுண்டியும் பக்கத்திலே வரவில்லை. ஃபோசாவில் கிளிஃபர்ட் இருப்பதைக் கண்டுபிடிக்க எந்தக் கோடீஸ்வரரும் தேவைப்படவில்லை, ஒரு அமைப்பு இருந்தது.

(மணி ஒலிக்கிறது)

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, முடித்துக்கொள்கிறேன். அடுத்து எதிரணித் தலைவர் வருகிறார். நிறையப் புள்ளிவிவரத்தோடு வருவார், தெரியும். எல்லாவற்றுக்கும் அவர் பதில் சொல்ல வேண்டாம். அந்த 1938-க்கு மட்டும் ஒரு பதில் சொல்லிவிட்டு உட்காரட்டும். (பலத்த கைதட்டல்)