மடக்குத் துப்பாக்கியும் கிளமெண்டிக் காடும்



வேட்டைக்கு எந்தத் துப்பாக்கி வசதி என்று கேட்டால், பைக்குள் அடங்குவதுதான் என்பார்கள் சிலர். நடுவே கீல் வைத்து மடக்கும் ரைபிள்கள் உண்டு. அவற்றுள் சிலவற்றில் ஒவ்வொரு முறை சுட்டபின்பும் தாழ்ப்பாளைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டும். சுமை குறைவு, ஆனால் கீல் தளர்ந்தால் குறி தவறும். வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது கீலைத்தான்.

‘புள்ளி 22’ ரகச் சின்னக் குண்டுகூட ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் பறக்கும். சிங்கப்பூரின் கிளமெண்டிக் காட்டை எண்ணிப் பாருங்கள். ஒரு காலத்தில் பால்மரத் தோட்டம், பிறகு காடாகிவிட்டது. பரப்பு சுமார் 85 ஹெக்டர், அக்கம்பக்கமெல்லாம் வீடுகள். தவறிய குண்டு எங்கே போய் நிற்கும்?

அங்கே உரிமமின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால், 1973ஆம் ஆண்டுச் சட்டப்படி 5 முதல் 10 ஆண்டு சிறை. ஆண்களுக்குக் குறைந்தது 6 பிரம்படியும் உண்டு. ஆளைக் காயப்படுத்தும் நோக்கத்தோடு சுட்டால், காயம் படாவிட்டாலும் மரண தண்டனை.

ஜொகூர்ப் பக்கம் பன்றி விரட்ட உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருப்போர் உண்டு. மலேசிய உரிமம் பாலத்தைத் தாண்டினால் செல்லாது. தாய்மார்களே, கிளமெண்டியிலுள்ள மகள் வீட்டுக்குப் புறப்படும்போது, வேட்டைக்குப் போன பையிலே துணி அடுக்காதீர்கள். வேறு பை இல்லையென்றால் கவிழ்த்து உதறுங்கள். காரின் பின்பெட்டியையும் பாருங்கள். மடிப்பிலே மறந்து கிடக்கும் ஒரு தோட்டா போதும், குடும்பம் நிலைகுலைய.

அங்கே பன்றி எதிர்ப்பட்டால் ஓடாமல் மெல்லப் பின்வாங்குங்கள். குட்டிகள் கூட இருந்தால் இன்னும் தள்ளி நில்லுங்கள். பாவம் என்று தீனியும் போட்டுவிடாதீர்கள். 2020இல் வந்த சட்டப்படி, முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம்.